கினிப்புல்லின் வயது

நாற்பது வயதிலேயே சேஷகிரி காலையில் எழும்போது களைத்திருப்பார். வைத்தியர்கள் நாடி பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அல்சூர் ஏரிக்கரைப் பக்கத்து வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பி, ரயில்வே கேட்டைத் தாண்டி, லிங்கராஜபுரத்துக்கு அப்பால் இருந்த பால் பண்ணைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் இறங்கி நிற்பார். சைக்கிளில் ஏதோ கோளாறு பார்ப்பவர்போலச் சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பார். சக்கரம் நன்றாகத்தான் இருக்கும்.

அவருடைய தாத்தா காலத்தில் கும்பகோணத்திலிருந்து மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். அப்பாவும் சமஸ்தானத்துக் கச்சேரியில்தான் எழுதினார். சேஷகிரி ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கினார். சமஸ்தானத்தில் வேலை கிடைக்கவில்லை. ஹெர்பர்ட் என்ற வெள்ளைக்காரர் பட்டாளத்தில் குதிரை வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றபின் சொந்தமாக ஒரு பால் பண்ணை தொடங்கியிருந்தார். கன்டோன்மென்ட் ஆஸ்பத்திரிகளுக்கும் அதிகாரிகளின் மெஸ்ஸுக்கும் பால் அங்கிருந்துதான் போனது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, கொழுப்பு எவ்வளவு என்று சோதிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. முதல் உலக யுத்தம் முடிந்த வருஷம் சேஷகிரி அந்த வேலையில் சேர்ந்தார். வேறு வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டுதான் சேர்ந்தார்.

பத்து வருஷம் அப்படியே போயிற்று. தினமும் அதே குப்பிகள், அதே அமில நெடி, அதே புளித்த பால் வாடை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவி ஜெயலக்ஷ்மி, "கிணத்தடிக்குப் போய்ட்டு அப்பறம் உள்ள வாங்கோ" என்பாள். அந்த வாடை அவளுக்குப் பத்து வருஷத்திலும் பழகவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில் மழை நன்றாகப் பெய்தது. பண்ணைக்குப் பின்னால் ஊர்ச் சாக்கடை வாய்க்காலை ஒட்டி நாற்பது ஏக்கர் கினிப்புல் போட்டிருந்தார்கள். மாட்டுத் தீவனத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே பழகிப்போன புல் அது. ஒரு தடவை நட்டால் போதும். வெட்ட வெட்ட அடித்தூரிலிருந்து மறுபடி தழைத்துக்கொண்டே இருக்கும். அந்த வருஷம் வெட்டுகிறவர்களால் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஐப்பசியில் புல் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. உள்ளே போன மாட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஹெர்பர்ட் வேலியோரம் குதிரையை நிறுத்தி, பட்டாளத்தைப் பார்வையிடுகிறவர்போல அந்தப் புல்லைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

ஆனால் பால் குறைந்தது. வாரத்துக்கு வாரம் குறைந்தது. மாடுகளுக்கு நோயில்லை. தொட்டி நிறையப் புல் கிடந்தது. கறந்து வந்த பாலில் சேஷகிரி ஒரு குற்றமும் காணவில்லை. அளவுதான் குறைந்திருந்தது.

ஹெர்பர்ட் அவரைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "தீவனம் வழிகிறது. பால் குறைகிறது. அப்படியென்றால் மாட்டின் மடிக்கும் என் கிடங்குக்கும் நடுவில் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டைக்கு ஆம்ப்ரோஸ் என்று பெயர் என்று நினைக்கிறேன்."

ஆம்ப்ரோஸ் கறவைக்கார மேஸ்திரி. பண்ணை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். பெரிய மீசை, சின்னக் குரல். அவரைக் கண்காணிக்கும்படி சேஷகிரிக்கு உத்தரவாயிற்று. சேஷகிரி மாட்டுக் கொட்டகையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். எதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முதல் நாள் ஆம்ப்ரோஸ் தன்பாட்டுக்குக் கறந்துகொண்டிருந்தார். மறுநாள் கறந்த வாளியை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"சார், என் மேல சந்தேகம்னா தொரை என்னயே நேரா கேக்கலாம். நீங்க இந்தக் கொசுல உக்காந்து கஷ்டப்படணும்னு இல்ல. மடியில இருக்கறதத்தானே நான் கறக்க முடியும்? இல்லாதத எங்கேந்து கறக்கறது?"

"எனக்கு உங்க மேல சந்தேகம் இல்ல, ஆம்ப்ரோஸ்."

"அப்ப தொரை கிட்ட அத சொல்லுங்க சார். இந்த வயசுல திருடன்னு பேர் வாங்கிட்டு நான் மாதா கோயிலுக்கு எப்பிடிப் போறது?"

சேஷகிரி வாரம் முழுக்க அந்த முக்காலியில் இருந்தார். யாரும் திருடவில்லை. செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் அவர் மாடுகள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடுகள் இலையை மட்டும் உருவித் தின்றன. தண்டை நாக்கால் ஒதுக்கின. பசி பொறுக்காதவை தண்டையும் மென்றன. மென்றுவிட்டு, வயிறு புடைத்துப் படுத்து, மணிக்கணக்கில் அசைபோட்டன. தொட்டியின் அடியில் கைத்தடி மாதிரித் தண்டுகள் குவிந்து கிடந்தன. சேஷகிரி ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். பல் வலித்தது.

அன்றைக்கு அவருக்கு ஒரு யோசனை வந்தது. வயலில் எல்லாத் துண்டும் ஒரே சமயத்தில் வெட்டப்பட்டதல்ல. சில மூன்று மாதமாகத் தொடாதவை. சில போன மாதம் வெட்டி மறுபடி தழைத்தவை. இரண்டுக்கும் இடைப்பட்ட வயதிலும் சில இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கத்தை எடுத்து, பால் அறைக்குப் பின்னாலிருந்த சார்ப்பில் உலர்த்தினார். உலர்ந்ததைப் பொடியாக்க அங்கே ஒன்றும் இல்லை. மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், அரைக்க வேண்டும் என்றார்.

"ஏன்னா, மாட்டுக்கு மாவு அரைச்சுக் குடுக்கறதும் உங்க உத்தியோகத்துல சேர்த்தியா?" என்றாள் ஜெயலக்ஷ்மி.

"மாவு திரிக்கற எந்திரத்த ஒரு நாள் மட்டும் குடு."

"ஒரு நாள் குடுத்தா அப்பறம் அதுல உளுந்து அரைக்க முடியுமா? பக்கத்தாத்துல உடஞ்ச எந்திரம் ஒண்ணு கெடக்கறது. கேட்டு வாங்கித் தரேன். அதுல அரைங்கோ."

உடைந்த எந்திரத்தில் கணவனும் மனைவியுமாகப் புல்லைத் திரித்தார்கள். அந்தப் பொடியைக் கந்தக அமிலத்தில் போட்டு, கரியடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டும். கறுத்த கரைசல் தெளியும்வரை விடாமல் கொதிக்க வேண்டும். அதிலிருந்து புரதச் சத்தைக் கணக்கிடலாம். சார்ப்பில் புகைபோக்கி கிடையாது. வெண்புகை கண்ணையும் நெஞ்சையும் அரித்தது. அந்த மாதத்தில் அவருடைய சட்டைகளில் சிறு சிறு ஓட்டைகள் விழுந்தன. அப்போது வந்த இருமல் பிறகு முழுதாகப் போகவே இல்லை.

கணக்கு தெளிவாக வந்தது. மூன்று மாதப் புல்லில் எடை ஏராளம். ஆனால் ஒரு மாதப் புல்லில் இருந்த சத்தில் ஏறக்குறைய பாதிதான் அதில் இருந்தது. மீதியெல்லாம் நார். மாடுகள் நாள் முழுக்க மரத்தைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தன. மடிக்குப் போக ஒன்றும் இல்லை.

ஹெர்பர்ட் முரடர். ஆனால் நியாயம் தெரிந்தவர். கணக்கை இரண்டு தடவை கேட்டார். பிறகு நேரே கொட்டகைக்குப் போய், எல்லார் முன்னிலையிலும் ஆம்ப்ரோஸிடம் கையை நீட்டினார். ஆம்ப்ரோஸ் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு குலுக்கினார். அன்று சாயங்காலம் ஆம்ப்ரோஸின் வீட்டிலிருந்து சேஷகிரிக்கு ஒரு சீப்பு மலைப்பழம் வந்தது.

இனிமேல் எல்லாப் புல்லும் மாதத்துக்கு ஒரு முறை வெட்டப்பட வேண்டும் என்று உத்தரவு போட்டார் ஹெர்பர்ட். சேஷகிரி சொன்னதும் அதுதான். எடை குறைந்தாலும் சத்து கிடைக்கும். தை பிறப்பதற்குள் பால் பழைய அளவைத் தாண்டியது. ஹெர்பர்ட் அவரை 'டாக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். ரசாயனம் படித்ததற்கு முதல்முறையாக ஒரு பிரயோஜனம் ஏற்பட்டதாக சேஷகிரிக்குத் தோன்றியது. அந்த வருஷம் பண்ணைக்குப் போகும் வழியில் அவர் தினமும் ஒரு இடத்தில்தான் சைக்கிளை நிறுத்தினார்.

புல் வெட்டுகிற பெண்கள் ஜோகுபாளையத்திலிருந்து விடிகாலையில் கூட்டமாக நடந்து வருவார்கள். அவர்களுக்குத் தலைவி என்று சொல்லத்தக்கவள் பிரிஜெட். கணவன் போய்விட்டான். கட்டிக்கொடுக்க வேண்டிய ஒரு மகள் இருந்தாள். கறுத்து, உயரமாக, நடக்கும்போது தோள்பட்டை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு நாள் அவள் பால் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சாமி, ஒரு வார்த்த."

"என்னம்மா?"

"முன்ன இருந்த பெரிய புல்லு ரெண்டு வீச்சுக்கு ஒரு கத்தை ஆயிடும். இப்ப இந்தக் குட்டிப் புல்ல எத்தினி வீசினாலும் கையில நிக்க மாட்டேங்குது. அடியோட அடி குனிஞ்சு அறுக்கணும். காலைல பனி வேற, வழுக்குது. ஒரு துண்டு முடிச்சு நிமிர்ந்தா அடுத்த துண்டு தயாரா நிக்குது. எங்களுக்கு சுமைக்குத்தான் கூலி. சுமையே சேரல சாமி."

அவர் அதை யோசித்ததே இல்லை. எடை குறையும் என்று தானே சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. அது யாருடைய எடை என்று அப்போது பார்க்கவில்லை.

"நாள் கூலியா மாத்தச் சொல்லி தொரை கிட்ட நீங்க சொல்லணும். நீங்க சொன்னா கேப்பாரு."

"சொல்றேன்மா."

அவர் சொல்லத்தான் நினைத்தார். அந்த வாரம் ஹெர்பர்ட் நல்ல மனநிலையில் இருந்தார். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. பிறகு ஹெர்பர்ட் கோடைக்கு ஊட்டிக்குப் போனார். திரும்பி வந்தபோது பால் அறையில் வேலை குவிந்திருந்தது. சேஷகிரிக்கு எப்போதும்போல அலுப்பு. பிரிஜெட்டை வழியில் கண்டால் "சொல்றேன்" என்று தலையசைப்பார். அவளும் தலையசைத்துவிட்டுப் போவாள்.

ஆவணியில் ஒரு காலை, மழை ஈரத்தில் அரிவாள் நழுவி, புல்லைப் பற்றியிருந்த அவளுடைய இடது கையில் இறங்கியது. பெரிய வெட்டில்லை. மஞ்சள் வைத்துத் துணி சுற்றிக்கொண்டு அன்றைய சுமையை முடித்துவிட்டுத்தான் போனாள். சாக்கடைத் தண்ணீர் பாயும் வயல் அது. மூன்றாம் நாள் கை முழங்கைவரை வீங்கியது. ஆஸ்பத்திரியில் கீறிச் சீழ் எடுத்துக் கையைக் காப்பாற்றினார்கள். ஆனால் இரண்டு விரல்கள் மடங்காமல் நின்றுவிட்டன.

சேஷகிரி பார்க்கப் போனார். பெண்கள் வார்டு. அவர் கட்டிலின் கால்மாட்டில் குடையைப் பிடித்தபடி நின்றார்.

"சாமி, நீங்க எதுக்கு இந்த வெயில்ல?" என்றாள் பிரிஜெட். பிறகு, "தொரை கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினாள். சேஷகிரி வெளியே வந்தார். வரும் வழியில் எங்கும் நிற்காமல் சைக்கிளை மிதித்து நேரே ஹெர்பர்ட்டின் அறைக்குப் போனார். சுமைக் கூலியை நாள் கூலியாக்க வேண்டும் என்றார். ஹெர்பர்ட் தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்: "நாள் கூலி கொடுத்தால் நின்று கதை பேசுவார்கள். நீங்கள் புல்லைப் பாருங்கள், டாக்டர்."

அடுத்த வருஷம் புல்லைப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. தூருக்குத் தூர் கொஞ்சம் இடைவெளி அதிகமானது போல இருந்தது. பிறகு இடைவெளியில் கோரை முளைத்தது. முன்பெல்லாம் வெட்டிய நாலைந்து நாளில் பச்சை காட்டும் புல், இப்போது யோசித்து யோசித்துத் தளிர்த்தது. சாக்கடைத் தண்ணீர் காரமாகிவிட்டது என்றார்கள் வெட்டுகிற பெண்கள். கறையான் என்றார் ஆம்ப்ரோஸ். முப்பத்திரண்டாம் வருஷக் கோடையில் வயலில் பாதி சொட்டையாகக் கிடந்தது. மாடுகளுக்குப் போட ஹொஸ்கோட்டைப் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக ராகித் தாள் வாங்கினார்கள். பால், மாடுகள் மரம் மாதிரிப் புல்லைத் தின்ற காலத்தைவிடவும் கீழே போயிற்று.

சேஷகிரி ஒரு மத்தியானம் மண்வெட்டியோடு தனியாக வயலில் இறங்கினார். ஒரு தூரைத் தோண்டி எடுத்தார். வேர் சவரம் செய்த மறுநாள் தாடிபோலக் குட்டையாக இருந்தது. மண்ணை உதறினால் கையோடு வந்தது. வேலி மூலையில் முள்ளுக்கு நடுவே, யாரும் எட்டி வெட்டாத ஒரு தூர் நின்றது. அதைத் தோண்டக் குழி முழங்கால் ஆழம் போயிற்று. தடித்த, வெள்ளை வேர்கள் முடிவே இல்லாமல் கீழே இறங்கின.

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வெட்டப்பட்ட புல்லுக்கு இலை கிடையாது. மறுபடி இலை விட வேண்டுமானால் வேரில் சேர்த்து வைத்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுத்ததைத் திருப்பி வைக்க அதற்கு நாள் வேண்டும். இவர் மாதத்துக்கு ஒரு முறை வெட்டச் சொன்னார். புல் எடுத்துக்கொண்டே இருந்தது, திருப்பி வைக்கவே இல்லை. புல் மாட்டுக்கு என்ன கொடுக்கிறது என்பதை அவர் அமிலத்தில் காய்ச்சிக் கண்டுபிடித்தார். தனக்கென்று என்ன வைத்துக்கொள்கிறது என்பதைப் பார்க்கவில்லை. வேர் தீவனமில்லை, ஆகவே எடை போடவில்லை.

ஹெர்பர்ட்டிடம் போய் அதையே சொன்னார். மழுப்பவில்லை. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தார். போனால் வீட்டில் படுத்துக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

"உங்கள் ரசாயனம் என் வயலைத் தின்றுவிட்டது," என்றார் ஹெர்பர்ட். ஜன்னல் பக்கம் போய் வயலைப் பார்த்தார். "சரி. மறுபடி நடுங்கள். இந்தத் தடவை எல்லாவற்றையும் பாருங்கள். அவசரம் வேண்டாம்."

"எனக்கு ஓர் ஆள் வேண்டும். பிரிஜெட்டைக் கொடுங்கள். நாள் கூலிக்கு."

"அவளால் அரிவாள் பிடிக்க முடியாதே?"

"என் துண்டுகள் சின்னவை."

ஹெர்பர்ட் சம்மதித்தார். அதுவரை பிரிஜெட், கூட்டத்தோடு வெட்ட முடியாமல், யார் வீட்டிலோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் வந்தாள். அரிவாளை எடுத்துக்கொண்டு நேரே வயலில் இறங்கினாள்.

மூன்று வருஷம் அந்த இரண்டு பேரும் அந்த வயலில் கழித்தார்கள். கயிறு கட்டிப் பிரித்த சிறு சிறு துண்டுகள். ஒன்றை மாதம் ஒரு முறை வெட்டினார்கள். இன்னொன்றை ஆறு வாரத்துக்கு ஒரு முறை, மற்றதை இரண்டு மாதத்துக்கு, மூன்று மாதத்துக்கு. சிலதைத் தரையோடு, சிலதை ஒரு சாண் விட்டு. பிரிஜெட் உள்ளங்கையாலும் கட்டைவிரலாலும் புல்லை அணைத்துப் பிடித்து மெதுவாக அறுப்பாள். சேஷகிரி எடை போடுவார், உலர்த்துவார், காய்ச்சுவார், இருமுவார். வருஷக் கடைசியில் தூரைத் தோண்டி வேரையும் எடை போட்டார். மழைக்காலத்தில் சேறு, கோடையில் அனல். மார்கழிக் குளிரில் புல் தூங்குவது போல நிற்கும். ஒரு மாதம் ஆனாலும் விரல் நீளம்கூட ஏறாது. மறுபடி முதலிலிருந்து. ஜெயலக்ஷ்மி இப்போது எந்திரத்தைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. அது நிரந்தரமாகப் பின்கட்டிலேயே கிடந்தது. அவர் இருமுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு ஒரு முடிவே கெடையாதான்னா?"

"புல்லு வளர்ற வேகத்துல தானே பாக்க முடியும், ஜெயா."

ஒரு சித்திரை மத்தியானம், இருவரும் எடைத்தராசின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிரிஜெட் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எத்தினி வருசமா அளக்கறீங்க சாமி. எது நல்ல புல்லுனு இன்னுமா தெரியல?"

"மாட்டுக்கு எது நல்லதுன்னு தெரிஞ்சுடுத்து. இளசா வெட்டணும். வயலுக்கு எது நல்லதுன்னும் தெரிஞ்சுடுத்து. விட்டு வெட்டணும். ரெண்டும் ஒண்ணா இருக்க மாட்டேங்கறது."

"எங்களுக்கு?"

சேஷகிரி தராசிலிருந்த படிக்கல்லை எடுத்துக் கீழே வைத்தார்.

"சும்மா கேட்டேன்," என்று எழுந்துபோய் அவள் அடுத்த துண்டில் குனிந்தாள்.

முப்பத்தைந்தாம் வருஷக் கடைசியில் அவர் ஹெர்பர்ட்டின் முன்னால் போய் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் ஹெர்பர்ட்டின் தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஒரே ஓர் எண்ணைச் சொல்லுங்கள், டாக்டர். எத்தனை நாள் புல்லை வெட்ட வேண்டும்?"

"ஓர் எண் கிடையாது."

"மூன்று வருஷம் இதற்காகவா?"

"மழைக்காலத்தில் ஆறு வாரம். அப்போது எடையும் ஓரளவு இருக்கும், சத்தும் ஓரளவு இருக்கும். குளிரில் இரண்டு மாதத்துக்கு மேல் விட வேண்டும். கோடையில் வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். எப்போதும் ஒரு சாண் விட்டு வெட்ட வேண்டும். வயலைத் துண்டு போட்டு முறை வைத்து வெட்டினால் தினமும் சரியான வயதில் ஒரு துண்டு இருக்கும். எந்தத் துண்டிலும் எல்லாம் முழுசாகக் கிடைக்காது. எதையாவது கொஞ்சம் விட்டுத்தான் ஆக வேண்டும்."

ஹெர்பர்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் எதிர்பார்த்தது இதல்ல என்பது முகத்தில் தெரிந்தது.

"இன்னொன்று," என்றார் சேஷகிரி. "ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வயது. சுமைக்குக் கூலி என்றால் எல்லாரும் முற்றின புல்லைத்தான் வெட்டுவார்கள். முறை நிற்காது. நாள் கூலியாக்க வேண்டும்."

இந்தத் தடவை ஹெர்பர்ட் சரி என்றார். பெண்கள் படுகிற பாட்டுக்காக அல்ல, முறைக்காகத்தான். முன்பு ஒரு முறை கேட்கப்பட்டது அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. சேஷகிரி அதை நினைவூட்டவும் இல்லை.

அவர் வெளியே வந்து பிரிஜெட்டிடம் சொன்னார். அவள் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "ஒரு சாண் விட்டு அறுக்கறதுனால முதுகுக்குக் கொஞ்சம் பரவால்ல," என்றாள். பிறகு, "என் கூட வந்தவளுங்க பாதிப் பேரு வேற வேலைக்குப் போயிட்டாளுங்க சாமி. இருக்கறவளுங்களுக்கு சொல்றேன்" என்றாள்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் பண்ணை அந்த முறைப்படி நடந்தது. இளம்புல் காலத்தில் கண்ட பால் மறுபடி வரவில்லை. பழைய பஞ்சமும் வரவில்லை. வயல் தேறியது. யாரும் கைகுலுக்கவில்லை, யாரும் மலைப்பழம் அனுப்பவில்லை. குறைசொல்ல ஒன்றும் இல்லாத வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆம்ப்ரோஸ் கண்பார்வை குறைந்து வேலையை விட்டார். சேஷகிரியின் இருமல் குளிர்காலத்தில் வந்து கோடையில் போவதை நிறுத்திவிட்டு, வருஷம் முழுக்கத் தங்கியது. பிரிஜெட்டின் மகளுக்குக் கல்யாணமாகி, ஒரு குழந்தையும் பிறந்தது. பிரிஜெட் தினமும் நடந்து வருவதும் போவதும் மட்டும் மாறவில்லை.

நாற்பத்திரண்டில் யுத்தத்துக்காகப் பட்டாளம் வந்து நிலத்தைக் கேட்டது. கூடாரங்கள் போட இடம் வேண்டுமாம். ஹெர்பர்ட் தாமே பட்டாளத்துக்காரர். மறுப்புச் சொல்லவில்லை. மாடுகளை ஏலத்தில் கொடுத்துவிட்டு ஊட்டிக்குப் போவதாகச் சொன்னார். வயலில் புல் அப்போது ஆறு வாரத்துப் புல்லாக, பார்க்க அழகாக நின்றது. அதை ஒரு வெட்டு வெட்டிக்கொள்ளக்கூட அவகாசம் தரவில்லை. லாரிகள் அதன்மேலேயே ஏறிப் போயின. சிப்பாய்கள் தூர்களைக் கடப்பாரையால் நெம்பி வாய்க்கால் ஓரம் வீசினார்கள். சேஷகிரி அங்கே கிடந்த ஒரு தூரைக் காலால் புரட்டிப் பார்த்தார். வேர் நன்றாகத்தான் இருந்தது.

கடைசி நாள் சாமான்களை ஏற்றிக்கொண்டு பண்ணையின் மாட்டுவண்டி அல்சூர்ப் பக்கம் போயிற்று. வண்டிக்காரர் சேஷகிரியை ஏறிக்கொள்ளச் சொன்னார். சைக்கிளை மேலே போட்டுவிட்டு அவர் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் முன்னால் பிரிஜெட் தலையில் ஒரு மூட்டையோடு நடந்துகொண்டிருந்தாள்.

"ஏறிக்கோ பிரிஜெட்," என்றார்.

அவள் ஏறி வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். மூட்டையைப் பக்கத்தில் வைத்தாள்.

"இனி என்ன பண்ணப் போறே?"

"மக வீட்ல கூப்புடறா. பாப்பாவப் பாத்துக்கணுமாம். நீங்க?"

"ஒண்ணும் யோசிக்கல."

"ரெஸ்ட்டு எடுங்க சாமி. அந்த இருமல மொதல்ல பாருங்க."

"பாக்கறேன்."

ரயில்வே கேட் மூடியிருந்தது. பட்டாளத்துச் சாமான் ரயில் ஒன்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வண்டி நின்ற இடத்தில் வெயில் சாய்ந்து விழுந்தது. சேஷகிரி திரும்பிப் பார்த்தபோது பிரிஜெட் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மடங்காத இரண்டு விரல்கள் மடியில் நீட்டிக்கொண்டிருந்தன. கேட் திறந்து வண்டி குலுங்கியதும் அவளுடைய மூட்டை விளிம்புக்கு நகர்ந்தது. சேஷகிரி கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டார். ஜோகுபாளையம் திருப்பம்வரை பிடித்துக்கொண்டே வந்தார்.